ஃபைட்டர் மீனின் வால் துடுப்பு கிழிந்து, ஓரம் கரைந்துகொண்டே வருகிறது: மீண்டும் வளருமா?

நீலவால் (கோவை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஆடி மாதம் என் மகளின் பிறந்தநாளுக்காக நீல நிற ஹாஃப்மூன் ஃபைட்டர் மீன் ஒன்றை வாங்கினோம். 20 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் அது தனியாகத்தான் இருக்கிறது. உள்ளே பொருத்தும் சிறிய பவர் ஃபில்டரும், அடியில் கூழாங்கல்லும், கடையில் கொடுத்த இரண்டு பிளாஸ்டிக் செடிகளும் இருக்கின்றன. ஹீட்டர் கிடையாது. ஐந்து மாதங்களாக எந்தக் குறையும் இல்லாமல், நாங்கள் கண்ணாடி அருகே போனாலே வாலை விசிறிபோல் விரித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கும்.

இரண்டு வாரங்களுக்கு முன் அதன் வால் துடுப்பின் நடுவில் நேராக ஒரு கிழிசல் தெரிந்தது. கத்தரியால் வெட்டியதுபோல் இருந்ததே தவிர, நிற மாற்றமோ வேறு கோளாறோ இல்லை. தானாக ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன். ஆனால் கடந்த ஐந்தாறு நாட்களாக அந்தக் கிழிசலைச் சுற்றியும் வாலின் கீழ் ஓரத்திலும் பழுப்பும் கறுப்புமாக ஒரு கோடு படிந்து, ஓரம் நெருப்பில் காட்டிய பாலிதீன் பை போலச் சுருண்டு வருகிறது. வாலில் ஏறக்குறைய கால்பங்கு போய்விட்டது என்றே சொல்ல வேண்டும். மீன் இரை எடுக்கிறது, ஆனால் பெரும்பாலான நேரம் ஃபில்டருக்குப் பின்னால் மூலையில் சாய்ந்து கிடக்கிறது.

கடைக்காரர் சொன்னபடி நேற்று மெத்திலீன் ப்ளூ நான்கு சொட்டு விட்டேன். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அழுக்கால்தான் நோய் வந்திருக்கும் என்று நினைத்து, தொட்டியை முழுவதும் காலி செய்து, கற்களைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, ஃபில்டரின் பழைய பஞ்சை எறிந்துவிட்டுப் புதுப் பஞ்சும் வைத்தேன். அதற்குப் பிறகு நிலைமை மோசமாகத்தான் ஆகியிருக்கிறது. மருந்தின் அளவைக் கூட்ட வேண்டுமா? மஞ்சள் தூள் கலக்கலாம் என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறார்கள். போன துடுப்பு மறுபடி வளருமா என்று மகள் தினமும் கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பாசித்தொட்டி எழுதியது:

மருந்தைக் கூட்டாதீர்கள்; மஞ்சள் தூளும் வேண்டாம். அது தண்ணீரில் கரையாமல் ஃபில்டர் பஞ்சில் போய் அடைத்துக்கொள்ளும் என்பதைத் தவிர, மீனுக்கு அதனால் கிடைப்பது ஒன்றும் இல்லை.

நீங்கள் எழுதியதில் எனக்குக் கவலை தருவது கிழிசல் அன்று, அந்த ஞாயிற்றுக்கிழமைச் சுத்தம்தான். மேற்கொண்டு சொல்வதற்கு முன் சில விவரங்கள் தேவை. தொட்டிக்கு ஊற்றுவது சிறுவாணித் தண்ணீரா, ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீரா? குளோரின் நீக்கும் சொட்டு மருந்து சேர்க்கிறீர்களா? இரவில் தொட்டித் தண்ணீரின் வெப்பநிலை எவ்வளவு? அம்மோனியா, நைட்ரைட், பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) ஆகிய மூன்றையும் அளந்து பார்க்க முடியுமா? அளப்பதற்கு முன் பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள், ஏனென்றால் மெத்திலீன் ப்ளூவின் நீலச் சாயம் கலந்த தண்ணீரில் சோதனைச் சொட்டுகளின் நிறத்தைச் சரியாக ஒப்பிட முடியாது.

நீலவால்:

உடனே பதில் எழுதியதற்கு நன்றி. எங்கள் பகுதிக்குச் சிறுவாணித் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு முறைதான் வருகிறது என்பதால் அதைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, தொட்டிக்கு ஆழ்குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றிவந்தேன். ஆனால் அந்த ஞாயிறன்று மட்டும் மோட்டார் பழுதாகிவிட்டதால் குழாயில் வந்த சிறுவாணித் தண்ணீரையே நேராகப் பிடித்து நிரப்பினேன். குளோரின் மருந்து சேர்க்கவில்லை. நண்பரிடம் சோதனைப் பெட்டி வாங்கி, நீங்கள் சொன்னபடி பாதித் தண்ணீரை மாற்றியபின் இன்று மாலை அளந்தேன். அம்மோனியா 1 பி.பி.எம். (லிட்டருக்கு 1 மில்லிகிராம்), நைட்ரைட் 0.5 பி.பி.எம்., பி.எச். 8.2. காலை ஆறு மணிக்குத் தண்ணீரின் வெப்பநிலை 22 டிகிரி இருந்தது. மார்கழிக் குளிர் இந்த ஆண்டு சற்று அதிகம்தான்.

குளத்தூர்வாசி எழுதியது:

நான் சென்னை குளத்தூரில், தெருவுக்குத் தெரு வண்ணமீன் கடைகள் இருக்கும் பகுதியில் வளர்ந்தவன். ஃபைட்டர் வளர்ப்பவர்களின் கொட்டகைகளில் பல ஆண்டுகள் சுற்றியிருக்கிறேன். உங்கள் மீனுக்கு நேர்ந்தது இரண்டு தனித்தனிச் சங்கதிகள் என்று நினைக்கிறேன். அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் வைத்தியம் சரியாக அமையும்.

முதலில் வந்த நேரான கிழிசல் நோய் அன்று, காயம். ஹாஃப்மூன் வகையின் வால் விரிந்தால் 180 டிகிரி அரைவட்டமாக நிற்கும்படி தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனப்பெருக்கம் செய்திருக்கிறார்கள். தாய்லாந்தின் வயல்வெளிகளில் இயற்கையாக வாழும் ஃபைட்டருக்கு இவ்வளவு பெரிய வால் கிடையாது. இந்தப் பட்டுத்துணியை இழுத்துக்கொண்டு நீந்தும் மீன் எதில் உரசினாலும் கிழியும். உங்கள் பிளாஸ்டிக் செடியை வெளியே எடுத்து, பழைய நைலான் காலுறை ஒன்றை அதன்மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். காலுறை எங்கே மாட்டுகிறதோ அங்கேதான் வாலும் மாட்டியிருக்கும். பவர் ஃபில்டரின் உறிஞ்சும் துளையும் இப்படி வாலைப் பிடித்து இழுக்கும். வால் கனத்துப்போய்ச் சலிப்படையும் சில மீன்கள் தாமே தம் வாலைக் கடித்துக்கொள்வதும் உண்டு. அப்படிக் கடித்தால் ஓரிரவில் அரைவட்டமாக ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். எதுவானாலும், தண்ணீர் நன்றாக இருந்தால் இத்தகைய காயத்துக்கு மருந்தே தேவையில்லை.

இரண்டாவதாக வந்த கறுப்புக் கோடும் சுருளலும்தான் துடுப்பு அழுகல். இதை உண்டாக்கும் ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் எங்கிருந்தோ புதிதாக வந்தவை அல்ல. எல்லாத் தொட்டியிலும் எப்போதும் இருப்பவை. மீன் தளர்ந்திருக்கும்போது, திறந்த காயம் ஒன்று கிடைத்தால் அவை உள்ளே புகுந்துவிடுகின்றன. உங்கள் மீனைத் தளரவைத்தது எது என்பதை நீங்கள் கொடுத்த எண்களே சொல்கின்றன.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைப் பின்பு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் கற்களிலும்தான் குடியிருக்கின்றன. அழுக்கு என்று நினைத்து நீங்கள் எறிந்த அந்தப் பழுப்பு நிறப் பஞ்சில் ஐந்து மாத உழைப்பு இருந்தது. கற்களில் எஞ்சியிருந்தவற்றைக் குழாய்த் தண்ணீரின் குளோரின் கொன்றிருக்கும். அதற்கும் தப்பியவற்றை மெத்திலீன் ப்ளூ பாதித்திருக்கும். அந்த மருந்து பூஞ்சைக்கு நல்லது என்பதை மறுக்கவில்லை, ஆனால் அதைத் தனிப் பாத்திரத்தில் பயன்படுத்த வேண்டுமே ஒழிய, ஃபில்டர் ஓடும் தொட்டியில் விடக் கூடாது. இப்போது உங்களிடம் இருப்பது ஒருநாள் வயதுத் தொட்டி, அவ்வளவுதான்.

இதில் பி.எச். அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தண்ணீரில் உள்ள அம்மோனியா முழுவதும் நஞ்சாக இருப்பதில்லை, பி.எச். 7-இல், உங்கள் தொட்டியின் 22 டிகிரியில், அரை விழுக்காட்டுக்கும் குறைவான பங்குதான் நஞ்சு வடிவில் இருக்கும். அதுவே 8.2-இல் ஏறக்குறைய 7 விழுக்காடு. அதாவது சிறுவாணி போன்ற மென்னீரில் மீன் ஒருவாறு தாங்கிக்கொள்ளும் அதே 1 பி.பி.எம்., ஆழ்குழாய்த் தண்ணீரில் அதன் செவுளையும் தோலையும் எரிக்கிறது. இதற்காகப் பி.எச். குறைக்கும் திரவத்தை வாங்கி ஊற்றிவிடாதீர்கள். அளவு ஏறி இறங்குவது ஒரே அளவில் உயர்ந்து நிற்பதைவிடக் கெடுதல்.

செய்ய வேண்டியது இதுதான். பத்து நாட்களுக்குத் தினமும் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீர் மாற்றுங்கள். புதுத் தண்ணீர் குழாயில் பிடித்ததானால் குளோரின் மருந்து சேர்த்து, தொட்டியின் வெப்பநிலைக்கு ஏறக்குறையச் சமமாக்கி, ஒரு குவளையால் மெதுவாக ஊற்றுங்கள். சிறிய ஹீட்டர் ஒன்றை வாங்கி 26 முதல் 27 டிகிரியில் நிறுத்துங்கள். ஒரே நாளில் ஏற்றாமல் இரண்டு நாளில் ஏற்றுங்கள். பவர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஸ்பாஞ்சு வழியாகத் தண்ணீரை மெதுவாக இழுக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போடுங்கள். நோயற்ற தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாரேனும் இருந்தால், அவர் தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கிப் பொருத்துவது எந்தப் பாட்டில் மருந்தையும்விட மேல். இரையைப் பாதியாகக் குறையுங்கள். மீந்ததை உடனே எடுத்துவிடுங்கள்.

எங்கள் பகுதி வளர்ப்பாளர்கள் காய்ந்து தானாக உதிர்ந்த பாதாம் மர இலையைக் கழுவித் தொட்டியில் போடுவார்கள். கடற்கரைத் தெருக்களில் குடைபோல் நிற்கும் நாட்டு வாதுமையைத்தான் சொல்கிறேன், சாப்பிடும் பாதாம் வேறு மரம். 20 லிட்டருக்கு உள்ளங்கை அளவு இலை ஒன்று போதும். தண்ணீர் தேயிலை நிறமாக மாறினால் பயப்பட வேண்டாம். இதிலுள்ள டானின் பாக்டீரியாவைச் சற்றுக் கட்டுப்படுத்தும் என்பதால் துணைக்கு நல்லது, ஆனால் தண்ணீர் மாற்றுவதற்கு மாற்றாகாது. சாலையோரத்தில் பூச்சிமருந்தும் புகையும் படிந்த இலையைப் பொறுக்காதீர்கள்.

இவற்றோடு கல் உப்பும் சேருங்கள் என்று சொல்வேன்.

பாசித்தொட்டி:

குளத்தூர்வாசி சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். உப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. துடுப்புக் காயம் என்றாலே உப்பைக் கொட்டுவது நம்மிடையே பழக்கமாகிவிட்டது. லேசான அழுகல் தண்ணீர் மாற்றினாலே நின்றுவிடும் என்பதால், பொதுவாக நான் உப்புக்கு எதிரி. இருந்தாலும் இந்த மீனுக்கு உப்பு தேவைதான். காரணம் அழுகல் அன்று, அந்த 0.5 நைட்ரைட். உப்பிலுள்ள குளோரைடு செவுளின் வழியாக நைட்ரைட் இரத்தத்தில் கலப்பதைத் தடுக்கும்.

கற்களும் ஃபில்டரும் போக உங்கள் தொட்டியில் உண்மையில் 17 லிட்டர் அளவுக்குத்தான் தண்ணீர் இருக்கும். லிட்டருக்கு 1 கிராம் என்ற கணக்கில் 17 கிராம், அதாவது சமமாக வழித்த மூன்று தேக்கரண்டி கல் உப்பு. அதை ஒரு சொம்புத் தண்ணீரில் முழுவதும் கரைத்து, நாளுக்கு ஒரு பங்காக மூன்று நாளில் ஊற்றுங்கள். பலரும் தவறுவது இதற்குப் பின்புதான். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. குறைந்த மட்டத்தை நிரப்ப உப்பில்லாத தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். வாளியில் எடுத்து வெளியே கொட்டிய அளவுக்கு மட்டுமே, லிட்டருக்கு ஒரு கிராமாக, உப்பைத் திரும்பச் சேர்க்க வேண்டும். பத்து நாளானதும் நிறுத்திவிடுங்கள்.

எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரே உப்புத் தண்ணீர்தானே என்று நீங்கள் கேட்கலாம். கோவையில் நாம் உப்புத் தண்ணீர் என்று சொல்வது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரைத்தான். அது கெட்டிலில் வெள்ளையாகப் படியும். ஆனால் இங்கே சொல்லும் சோடியம் குளோரைடின் வேலையை அது செய்யாது.

உயிரியல்டீச்சர் எழுதியது:

உங்கள் மகளின் கேள்விக்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன். வளரும். மீனின் துடுப்பு நம் நகம்போல வெறுமனே நீளும் பொருளும் அன்று, விரல்போல ஒருமுறை போனால் போனதுதான் என்ற உறுப்பும் அன்று.

துடுப்பை விளக்கொளியில் பார்த்தால் விசிறிக் காம்புகள்போலப் பல கதிர்கள் தெரியும். ஒவ்வொரு கதிரும் சிறுசிறு எலும்புத் துண்டுகள் வரிசையாகக் கோத்தது. கதிர்களுக்கு இடையில் மெல்லிய சவ்வு இருக்கும். வெட்டுப்பட்ட ஒரு நாளுக்குள் தோல் செல்கள் நகர்ந்து வந்து காயத்தின் வாயை மூடிவிடுகின்றன. பிறகு, அந்த மூடியின் அடியில் ஒவ்வொரு கதிரின் முனையிலும் இன்ன உறுப்பென்று முற்றாத செல்கள் திரண்டு ஒரு மொட்டுப்போல நிற்கின்றன. அந்த மொட்டுதான் பழைய கதிரின் தொடர்ச்சியாகப் புதிய எலும்புத் துண்டுகளைக் கட்டிக்கொண்டே போகிறது. கடைகளில் ஜீப்ரா என்ற பெயரில் விற்கும் நம் கங்கைச் சமவெளிக் கோட்டு மீனில் இதை ஆய்வகங்களில் விரிவாகப் பார்த்திருக்கிறார்கள்: 28 டிகிரி வெப்பத்தில், வால் துடுப்பின் பாதியை வெட்டினாலும் இரண்டு மூன்று வாரங்களில் ஏறக்குறைய முழுவதும் வளர்ந்துவிடுகிறது. ஃபைட்டரின் வால் மிக நீளம் என்பதால் அதற்கு ஓரிரு மாதங்களோ அதற்கு மேலோ ஆகும்.

இதில் மகளுக்குக் காட்டத் தக்க ஓர் அழகு உண்டு. புதிதாக வளரும் பகுதிக்கு முதலில் நிறமே இருக்காது; நிறமி செல்கள் பிறகுதான் வந்து சேரும். அறை விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கைத் தொட்டியின் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் நீல வாலின் விளிம்பில் வெங்காயச் சருகுபோல ஒளி ஊடுருவும் ஒரு கரை தெரியும். பலர் இந்தக் கரையைப் பார்த்துவிட்டுப் பூஞ்சை பிடித்துவிட்டது என்று மறுபடியும் மருந்தை ஊற்றி, வளர்ந்ததையும் கெடுத்துக்கொள்கிறார்கள். பூஞ்சையானால் பஞ்சுபோலப் புடைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; புது வளர்ச்சி தட்டையாக, துடுப்பின் தளத்திலேயே இருக்கும்.

அழுகல் துடுப்பின் அடிவரை போய், உடலைத் தொட்டுவிட்டால் மட்டும் இந்த நம்பிக்கையைச் சொல்ல முடியாது. கதிரின் வேர் போய்விட்டால் எதிலிருந்து தொடர்வது? உங்கள் மீன் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. வளரும் காலத்தில் புரதம் தேவை என்பதால், தண்ணீர் சரியானபின் வாரம் ஓரிரு முறை உறைந்த ஆர்ட்டீமியாவோ (மீன் இரையாக விற்கும் சிறு உப்புநீர் இறால்) இரத்தப் புழுவோ கொடுங்கள்.

நீலவால்:

மூவருக்கும் மிக்க நன்றி. ஹீட்டரும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வாங்கிவிட்டேன். காலுறையைச் செடியின்மேல் இழுத்துப் பார்த்தேன். மூன்று இடங்களில் நூல் பிரிந்து வந்தது. இன்னும் ஒரே ஒரு சந்தேகம். மருந்துக் கடையில் கிடைக்கும் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் காப்ஸ்யூலைப் பிரித்துத் தொட்டியில் போட்டால் அழுகல் இரண்டே நாளில் நின்றுவிடும் என்று ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். போடலாமா?

குளத்தூர்வாசி:

வேண்டாம். உங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரில் அது பெரும்பாலும் வீண். டெட்ராசைக்ளின் கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் பிணைந்துகொள்ளும் மருந்து. அதனால்தான் நாம் சாப்பிடும்போதும் பாலோடு சேர்த்துச் சாப்பிடாதே என்கிறார்கள். கடின நீரில் விழுந்ததும் அதில் பெரும்பகுதி செயலிழந்துவிடும். தண்ணீர் நுரைத்து நிறம் மாறுவதோடு, ஸ்பாஞ்சில் இப்போதுதான் குடியேறும் நல்ல பாக்டீரியாக்களுக்கும் ஆபத்து. போதாக்குறைக்கு, மனிதர்களுக்கான மருந்தை இப்படி அரைகுறை அளவில் கலந்து சாக்கடையில் கொட்டினால் மருந்துக்கு அடங்காத கிருமிகளை நாமே வளர்த்துவிடுகிறோம்.

மருந்துக்குப் போக வேண்டிய நிலையும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. நல்ல தண்ணீரும் வெப்பமும் ஒரு வாரம் கொடுத்தும் கறுப்புக் கோடு உடலை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தாலோ, துடுப்பின் அடியில் இரத்தச் சிவப்புத் தெரிந்தாலோ, மீன் இரையை முற்றிலும் மறுத்தாலோ தாமதிக்கக் கூடாது. அதைவிட அவசரமானது, வாயைச் சுற்றியும் முதுகில் சேணம் போட்டதுபோலவும் சாம்பல் வெண்மை படிந்து ஒன்றிரண்டு நாளில் பரவும் காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். அது வெப்பத்தில் வேகமாகப் பெருகும் என்பதால் அப்போது ஹீட்டரை உயர்த்துவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதாகிவிடும். அந்த நிலையில் மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவரிடமோ மீன்வளக் கல்லூரியிலோ கேட்டு, தனித் தொட்டியில் வைத்து மருந்து கொடுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு அது வேண்டியிருக்காது.

நீலவால்:

19-ஆம் நாள் நிலவரத்தை எழுதுகிறேன். முதல் நான்கு நாட்கள் எந்த மாற்றமும் தெரியாததால் உண்மையில் காப்ஸ்யூலை வாங்கியே வைத்துவிட்டேன். நல்ல வேளையாக அட்டையைப் பிரிக்கவில்லை. ஐந்தாம் நாள் கறுப்புக் கோடு நகர்வது நின்றது. ஏழாம் நாள் மீன் மூலையை விட்டு வெளியே வந்து, ஹீட்டரின் சிவப்பு விளக்கைப் பார்த்து வால் விரித்துச் சண்டைக்கு நின்றது. நண்பர் கொடுத்த பழைய ஸ்பாஞ்சின் தயவில் பன்னிரண்டாம் நாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தன. உப்பைப் பத்தாம் நாளோடு நிறுத்திவிட்டேன். தண்ணீர் மாற்ற மாற்ற அது குறைந்துகொண்டிருக்கிறது.

நேற்று இரவு விளக்கை அணைத்துவிட்டு மகளிடம் கைவிளக்கைக் கொடுத்தேன். எனக்கு முன்பாக அவள்தான் அந்தக் கரையைக் கண்டாள். வாலின் கீழ் ஓரம் முழுவதும் இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்குக் கண்ணாடித்தாள் போல் இருக்கிறது. அதற்குள் கதிர்கள் முடியைவிட மெல்லிய கோடுகளாக நீண்டிருக்கின்றன. முதலில் கிழிந்த நடுப்பகுதியில் மட்டும் இரண்டு கதிர்கள் சற்றே கோணலாக வளர்கின்றன. அது நேராகுமா என்று டீச்சர் சொன்னால் மகளிடம் சொல்லிவிடுவேன்.

உயிரியல்டீச்சர்:

கோணல் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். நீந்துவதற்கு அதனால் ஒரு குறையும் வராது. ஸ்பாஞ்சை எப்போது சுத்தம் செய்யப் போகிறீர்கள்?

நீலவால்:

வருகிற ஞாயிறு, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் வைத்துக்கொண்டு, அதிலேயே இரண்டு முறை பிழிந்துவிட்டுத் திரும்ப வைக்கப் போகிறேன். குழாய்ப் பக்கம் போக மாட்டேன்.